யாரைப் போய்க் கேட்பது?

இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்சி. வேதியியல்

குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆயிரத்துக்கும் யாரைப் போய்க் கேட்பது என்பது ஆயிரத்தோராவது கவலை.

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே வழக்கு வம்பு என்றால் ஊர்க்கவுண்டரைக் கேட்பார்கள். முன்பணம் வேண்டுமானால் காப்பித் தோட்டத்து மேஸ்திரியைக் கேட்பார்கள். பிள்ளை அழுதால் பாட்டியைக் கேட்பார்கள். காகிதம், கைப்பேசி, வங்கி என்று எழுத்துச் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும், நான் கல்லூரியில் சேர்ந்த நாள் முதலாக என்னைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான் ஒருத்திதான். வேதியியல் என்றால் மருந்துக் கடைப் படிப்பு என்று பாட்டி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை.

சென்ற ஆண்டு என் அக்கா கருவுற்றிருந்தாள். ஆறாம் மாதப் பரிசோதனையில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8 கிராம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை. ஆக, அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்றாள் என்றே சொல்லலாம். எங்களுக்கும் சேலம் நகரத்துக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பிரசவத்தின்போது இரத்தம் போக ஆரம்பித்தால், இரத்தம் குறைந்த உடம்பு அந்த வளைவுகளைக் கடக்கும்வரை தாங்குமா?

இது என் அக்காவுக்கு மட்டும் வந்த குறையன்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாத்திரை கிடைக்காததால் வந்த நிலை என்று சொல்லிவிட முடியாது. இரும்புச்சத்து மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அக்காவுக்கும் கிடைத்தது. அவள் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்று அட்டைகள் பிரிக்கப்படாமல் இருந்தன.

பரிசோதனைக்குப் போன இடத்தில், "நல்லா சாப்பிடும்மா, கீரை, பேரீச்சை, ஈரல் எல்லாம் சேர்த்துக்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னதில் தவறே இல்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, ஏழரைக்குத் தோட்டத்துக்குக் கிளம்பி, மாலை திரும்பும் ஒருத்திக்கு ஈரல் எங்கிருந்து வரும்? மாத்திரையை ஏன் விழுங்கவில்லை என்று அங்கே எவரும் கேட்கவுமில்லை.

கேட்டவர் எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர். ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு, "மாத்திரை போட்டா என்ன கண்ணு பண்ணுது?" என்று கேட்டார்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். குமட்டுகிறது. வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகிறது, குடல் வெந்துவிட்டதோ என்று பயம். இதற்குள் அவள் மாமியார் உள்ளேயிருந்து, "மாத்திரை தின்னா கொழந்த பெருத்துப் போயி வயித்தக் கிழிக்கச் சொல்லுவாங்க நர்சம்மா. நாங்கெல்லாம் என்னத்தத் தின்னோம்?" என்றார்.

செவிலியர் ஒவ்வொன்றாக எடுத்தார். கறுப்பாகப் போவது உடம்பு எடுத்துக்கொண்டது போக மீந்த இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் கூடவே போடக் கூடாது, அது பகலுக்கு. பின்னர், "மாத்திரையை எதோட முழுங்குற?" என்றார். காலையில் காப்பியோடுதான் என்றாள் அக்கா. அவர் சிரித்துவிட்டார். "காப்பி மலையில வந்து காப்பி குடிக்காதேன்னு சொல்ல முடியுமா? குடி. ஆனா மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடு. எலுமிச்சம்பழமோ கமலா ஆரஞ்சோ நெல்லிக்காயோ சேத்துக்க."

எனக்கு அந்த இடத்தில் வகுப்பறை ஞாபகம் வந்தது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்ச விடாமல் செய்கின்றன. எலுமிச்சையிலும் நெல்லியிலும் இருக்கும் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக ஒடுக்குகிறது. குடல் எளிதில் ஏற்பது ஃபெரஸ் இரும்பைத்தான். ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ 1 கிராம். சுவரில் அடிக்கும் சிறிய ஆணியின் எடைகூட இராது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அந்தக் காப்பி அக்காவின் ஒரு கிராம் இரும்புக்குக் குறுக்கே வந்து நின்றதை எண்ணிச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

மாமியாரிடம் அவர் பேசிய விதத்தைத்தான் நான் மறக்க மாட்டேன். வாதாடவே இல்லை. "உங்க காலத்துல இந்த வீட்டுல எத்தன பிரசவம்மா பாத்திருப்பீங்க?" என்று கேட்டார். அம்மாள் எண்ணிக்கொண்டே வந்தவர், தன் தங்கையின் பிரசவத்தில் நின்றுவிட்டார். பிள்ளை பிழைத்தது, தாய் இரத்தம் நிற்காமல் விடிவதற்குள் போய்விட்டாளாம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு செவிலியர் மூன்று அட்டைகளையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "தெனமும் ராத்திரி நீங்கதான் உரிச்சுக் குடுக்கணும். உங்க பொறுப்பு." அன்று முதல் அந்த மாத்திரை மாமியாரின் சுருக்குப் பைக்குள் போய்ச் சேர்ந்தது, வெற்றிலையோடு.

கிளம்பும்போது அக்காவின் காலைப் பார்த்தார். செருப்பில்லை. தோட்டத்து மண் நிழலும் ஈரமுமாக இருக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அத்தகைய மண்ணில் இருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கின்றன. பூச்சி மாத்திரையை முதல் மூன்று மாதம் கடந்த பிறகுதான் தர வேண்டும் என்று சொல்லி, அன்றே ஒன்று கொடுத்தார். இதைப் பற்றிப் பின்னர் நூலகத்தில் தேடினேன். இலங்கையில் தமிழர்கள் உழைத்த தோட்டங்களில் 1916 ஆம் ஆண்டிலேயே ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் கழிப்பறை இல்லாத லயன்களில் மருந்து தின்றவர்களுக்கே புழு திரும்பத் திரும்ப வந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் செருப்பு ஒரு செய்தியாக இருக்கிறது எங்களுக்கு. 'புதுமைப் பெண்' திட்டத்தில் என் கணக்கில் வரும் மாதம் 1,000 ரூபாயில் அக்காவுக்கு ஒரு ஜோடி வாங்கினேன். முதலில் வழுக்குகிறது என்றாள். பிறகு பழகிவிட்டது.

மாத்திரை மட்டும் போதாது, இரும்பு சுக்ரோஸ் ஊசியும் சில தவணை வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தவணைக்கும் மாமாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. கார்த்திகையில் தொடங்கும் காப்பிப் பழ அறுப்புக் காலம் வேறு, கூலி கூடுதலாகக் கிடைக்கும் நாள்கள். மாமா முணுமுணுத்தார், ஆனால் கூட்டிப்போனார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறதே, அதற்கு வேண்டிய வங்கிக் கணக்கு, ஆதார், கர்ப்பப் பதிவு எண் இவற்றை ஒழுங்கு செய்தது என் வேலை. 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. அதில் 14,000 பணமாகவும், மீதி பேரீச்சை, நெய், இரும்புச்சத்து மருந்து முதலானவை அடங்கிய பெட்டகங்களாகவும் வரும் என்று விளக்கினேன். பணம் தவணை தவணையாகத்தான் வரும், ஊசிக்குப் போகும் நாளின் கூலிக்கு அது ஈடாகாது என்று மாமா சொன்னது நியாயம்தான். என்னிடம் பதில் இல்லை.

செவிலியர் இன்னொன்றும் சொல்லி வைத்தார். மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்கூட்டியே வந்து தங்குவதற்கு அறை இருக்கிறது. அப்படி இல்லாவிட்டாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காமல், நாள் நெருங்கியதும் கீழே இறங்கிவிட வேண்டும். வண்டிக்கு 108. இதையும் மாமியாரிடமே சொன்னார். ஒன்பதாம் மாதம் 10.4 கிராம் வந்தது. குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே அக்காவைச் சேலத்துக்கு அழைத்துவந்துவிட்டோம். சாதாரணப் பிரசவம், பெண் குழந்தை, 2 கிலோ 700. வயிற்றைக் கிழிக்கவில்லை என்று மாமியார் வார்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது குழந்தையை மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள். மாதா மாதம் எடை போட்டு, ஏறாத குழந்தையின் தாயை அழைத்துப் பேசும் வழக்கம் நம் மாநிலத்தில் 1980ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் பெரிய அளவில் வேரூன்றியது. அங்கன்வாடி என்னும் ஏற்பாடே 1975 அக்டோபர் 2 அன்றுதான் நாட்டில் ஆரம்பமாயிற்று. ஆனால் அங்கே தருகிற சத்துமாவை எப்படிக் கிண்டினால் பிள்ளை துப்பாது என்பதை அக்கா கற்றது அடுத்த வீட்டுக்காரியிடம். அதற்கு எந்தத் திட்டமும் இல்லை.

எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் முழுகாமல் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது என்னைக் கேட்பதில்லை, அக்காவின் மாமியாரைத்தான் கேட்கிறார்கள். அவரும் சுருக்குப் பையைத் தட்டியபடியே, "காப்பி குடிச்சா ரெண்டு மணி நேரம் போகணும்" என்று, ஏதோ தாமே கண்டுபிடித்தது போலச் சொல்கிறார். வருகிற புதன்கிழமை தடுப்பூசி நாள். நர்சம்மாவிடம் கேட்க வேண்டியவற்றை என் நோட்டில் வரிசையாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைக்கு ராகிக் கூழ் கொடுக்கலாமா? ஊசி போட்ட காய்ச்சலுக்கு எவ்வளவு மருந்து? அக்கா எப்போது தோட்டத்துக்குப் போகலாம், போனால் தாய்ப்பாலை என்ன செய்வது? நாலாவதாக ஒன்று, தமக்கே சில நாளாகத் தலை சுற்றுகிறதாம். அதைக் கடைசியில் எழுதச் சொன்னார். நான் முதலில் எழுதியிருக்கிறேன்.