குரைக்காது, கடிக்காது!

வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மைப் போன்ற ஜீவன்களுக்கு ஹவுஸ் ஓனர்கள் போடும் சட்டதிட்டங்கள் தெரிந்ததுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்கக் கூடாது. நாய்? அந்த வார்த்தையைச் சொன்னாலே அட்வான்ஸைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால், மீன் வளர்க்கக் கூடாது என்று சட்டம் போட்ட ஹவுஸ் ஓனரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மீன் குரைக்காது. மாடிப்படியில் அசிங்கம் பண்ணாது. பக்கத்து போர்ஷன்காரரைக் கடிக்காது.

அப்படித்தான் எங்கள் பெரம்பூர் வீட்டு ஹாலுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்.

மீன் தொட்டி என்றதும் உங்கள் மனக்கண்ணில் பல் டாக்டர் கிளினிக்தான் வரும். அடியில் ஊதா நிறக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து மூடும் புதையல் பெட்டி, நடுவே 'அடுத்தது நான்தானா?' என்கிற முகத்தோடு இரண்டு கோல்டு ஃபிஷ். நான் சொல்லவந்தது அது இல்லை. நிஜச் செடிகளை நட்டு, தண்ணீருக்கடியில் ஒரு சின்னத் தோட்டம் போடுவது. மீன் அதில் குடித்தனக்காரர் மட்டுமே. செடிதான் ஹவுஸ் ஓனர்!

இதில் ராஜா என்றால் ஜப்பானின் தகாஷி அமானோ. 1954-ல் பிறந்தவர், முதலில் சைக்கிள் பந்தய வீரர், அப்புறம் போட்டோகிராபர். மலை, காடு, நீரோடை எல்லாவற்றையும் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தார். 2015-ல் இறந்துபோனார். அதே வருஷம் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து மீன் காட்சியகத்தில் அவர் அமைத்துக் கொடுத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர், கொள்ளளவு 1,60,000 லிட்டர். நம்முடையது 56 லிட்டர். பரவாயில்லை, அவருக்கு வாடகை வீடு இல்லை.

56 லிட்டர் என்பதை அலட்சியமாக நினைக்காதீர்கள். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஒரு மேனேஜர் எடை வந்துவிடும். பிளைவுட் டி.வி. ஸ்டாண்டில் வைத்தால் ஒரு நல்ல நாளில் ஹாலில் நீச்சல் அடிக்கலாம். உறுதியான இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். கண்ணாடிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட். இல்லாவிட்டால், ஒரு சின்னக் கல் உறுத்தினால்கூட விரிசல் விட்டுவிடும்.

அடியில் ஓரங்குலம் சலித்த தோட்டத்து மண். அதன் மேல் இரண்டங்குலம் ஆற்று மணல், அரிசி களைவதுபோலத் தண்ணீர் தெளியும்வரை களைந்தது. மணலின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மண் கலங்காது. குழாய்த் தண்ணீரானால் அதில் க்ளோரின் இருக்கும். கடையில் விற்கிற சொட்டு மருந்தைக் கலந்துவிட வேண்டும்.

மெட்ராஸில் இதற்கெல்லாம் ஒரே ஊர் கொளத்தூர்தான். தெருவுக்குத் தெரு மீன் கடை. பாலிதீன் பைகளில் வண்ண வண்ணமாய் மீன்கள் தொங்குவதைப் பார்த்தால் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். பர்ஸை மூடிக்கொண்டு முதலில் செடி வாங்குங்கள். ரிப்பன் மாதிரி நீளும் வாலிஸ்னேரியா, வெளிச்சம் குறைவாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாத ஜாவா ஃபெர்ன், இலங்கை ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டியை. ஆரம்பத்துக்கு இந்த மூன்று போதும்.

இந்தக் கிரிப்டோகோரைன் ஒரு வேடிக்கையான பிறவி. இடம் மாற்றினால் அதற்கு ஆகாது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கிய குமாஸ்தா மாதிரி இலையெல்லாம் கூழாகிக் கரைந்துவிடும். 'செத்துப்போச்சு' என்று பிடுங்கி எறிபவர்கள்தான் அதிகம். பிடுங்கக் கூடாது. வேர் உயிரோடு இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் புது ஊரின் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடும்.

மீன் எப்போது விடுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எங்கள் ஆபீஸ் கேஷியர் சனிக்கிழமை தொட்டி வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மீன் விட்டார். வியாழக்கிழமை கேஷ் கவுன்டரில் துக்கம் விசாரித்தோம். "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துதே சார்!" என்றார் பரிதாபமாக.

கண்ணாடி மாதிரி இருக்கும். விஷமாகவும் இருக்கும். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு ஆகாது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் ஆகாது. இன்னொரு வகை பாக்டீரியா வந்து அதை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு மோசமில்லை. செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத சிப்பந்திகள் மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியேறி டூட்டியில் சேர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை செடியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிறகும் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அத்தனை பேரையும் ஒரே நாளில் டிஸ்மிஸ் செய்த மாதிரி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்கிற ரசாயன நிபுணர் போட்ட கணக்கு. கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ், கொஞ்சம் வாலிஸ்னேரியா. மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் மூச்சு மீனுக்கு. எல்லாம் சரி, ஆனால் செடியின் அழுகிய இலைகளால் தண்ணீர் கெட ஆரம்பித்தது. மனுஷர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. நத்தைக் குஞ்சுகளை மீன் தின்றது. மூன்று பேர் சேர்ந்து ஒரு குடும்பம்!

செடி கிடுகிடுவென்று வளர கார்பன் டையாக்ஸைடு வாயு தரலாம் என்றார் கடைக்காரர். சிலிண்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஏழையின் சிலிண்டர் இருக்கிறது. இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில் சர்க்கரை, தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட். மூடியில் ஓட்டை போட்டு டியூப் வழியாகத் தொட்டிக்குள் விட்டால் இரண்டு வாரம் குமிழி வரும். வாயு வரும்போது பாட்டிலில் ஆல்கஹாலும் உண்டாகும் என்பதுதான் சங்கடம். வாடகை வாங்க வந்த ஹவுஸ் ஓனர் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வீட்ல ஊறல் போடறீங்களா?"

மீனுக்காகத்தான் என்று விளக்கினேன். மீன் குடிக்குமா என்கிற சந்தேகத்தோடுதான் படி இறங்கினார்.

இதெல்லாம் 2016-ல். அந்த வருஷம்தான் அம்மா காலமாகி, அப்பா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். காலையில் பேப்பர் படிப்பார். மத்தியானமும் அதே பேப்பர். "சாப்பிடறீங்களா மாமா?" என்றால் ஒரு தலையாட்டல். ஊர்க் கோயில், ஆற்றங்கரை, திண்ணை நண்பர்கள் எல்லாம் போய், இரண்டாவது மாடி ஜன்னல் வழியே எதிர்வீட்டு சின்டெக்ஸ் டேங்க் மட்டும்தான் தெரிகிறது அவருக்கு. என் மனைவி சமையலறையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, இப்படியே இருந்தா மாமா என்ன ஆவார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தொட்டிக்கு எதிரே அவருடைய ஈஸி சேரைப் போட்டேன். அவ்வளவுதான் செய்தது.

நாலைந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன். "டேய், அந்தக் கரைஞ்சுபோன செடி இருக்கே, அது இன்னிக்கு இலை விட்டிருக்குடா" என்றார். வந்ததிலிருந்து அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது.

அந்த டிசம்பர் 12-ம் தேதி வார்தா புயல் அடித்தது. மரமும் கரண்ட் கம்பமும் தெருவில் படுத்துவிட்டன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் செடிகள் ஆக்ஸிஜன் தந்தன. ராத்திரியில் செடியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும், பம்ப்பும் ஓடாது. நடு ராத்திரி சலசலவென்று சத்தம் கேட்டு எழுந்து போனேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். காபி ஆற்றுகிற அதே லாகவம்.

"காத்து கலக்கணும்ல? நீ போய்ப் படு. நாளைக்கு ஆபீஸ் இருக்குமோ என்னமோ."

ஒரு மீன்கூடச் சாகவில்லை.

நிஜமான சோதனை 2019-ல் வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வறண்டுபோன கோடை. தெருவில் லாரி எப்போது வரும் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றுவது வழக்கம். கால்வாசி என்றால் சுமார் 14 லிட்டர். அதாவது ஒரு குடம்.

இரண்டு மாடி குடம் தூக்கி வந்த மனைவி, மூச்சு வாங்க நின்றபடி, "பாப்பா குளிக்க ஒரு குடம், உங்க மீனுக்கு ஒரு குடம். இருக்கிறது ஒண்ணுதான். நீங்களே சொல்லுங்க" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கீழே வரிசையில் நிற்கும் யாருக்காவது என் ஹாலில் 56 லிட்டர் தண்ணீர் விளக்குப் போட்டு நிற்பது தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?

தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்றேன். அப்பா பேப்பரை மடித்தார். "காலி பண்ண வேண்டாம். குடும்பத்தைச் சின்னதாக்கு."

பதினாலு கப்பியில் எட்டைக் கொளத்தூர் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஏரியிலோ குளத்திலோ விடக் கூடாது, கவனிக்கவும். 'டேங்க் கிளீனர்' என்று பலர் வாங்கும் சக்கர் மீன் இப்படி வெளியே போய்த்தான் நம் நீர்நிலைகளில் பல்கிப் பெருகி, ஊர் மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. மீதி ஆறு மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், சிட்டிகை தீனி. தீனி குறைந்தால் கழிவு குறையும். அந்தக் கொஞ்சத்தைச் செடிகள் பார்த்துக்கொண்டன. வாரா வாரம் ஒரு குடம் என்பது போய், ஆவியானதற்கு ஈடாக ஒன்றிரண்டு சொம்பு. அதுவும் அப்பா தன் குளியல் பக்கெட்டிலிருந்து, சோப்பைத் தொடும் முன்பே, மொண்டு எடுத்து வைத்தது.

ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அன்றைக்கும் எங்கள் தொட்டி பச்சையாகத்தான் இருந்தது. செடிகளின் நுனியில் முத்து முத்தாக ஆக்ஸிஜன் குமிழ்கள். ஒரு ஊருக்கே போதாத தண்ணீரில், ஆறு மீனும் மூன்று செடியும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு நாலு மாசத்தை ஓட்டிவிட்டன.

மழை வந்தது. ஏரி நிறைந்தது. பழையபடி குடமும் வந்தது. ஆனால் மாற்றிய தண்ணீரை இப்போது சாக்கடையில் கொட்டுவதில்லை. நைட்ரேட் கலந்த அந்தத் தண்ணீர் மாடித் தொட்டிச் செடிகளுக்கு முதல் தர உரம். அதிலிருந்து வீட்டில் நிலவரம் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் அசந்து படுத்தால், "ஏங்க, மீன் தண்ணி மாத்தலையா? என் கறிவேப்பிலை வாடுது!" என்று குரல் வருகிறது.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? வருகிற ஞாயிறு கொளத்தூர் போங்கள். மணல் வாங்குங்கள், செடி வாங்குங்கள், விளக்கை ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். விட்டால் பாசி குடியேறிவிடும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். "மீன் வேண்டாமா சார்?" என்று கடைக்காரர் ஆச்சரியப்படுவார். "ஆறு வாரம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ஆபீஸில் எல்லாமே 'அர்ஜென்ட்' என்று சிவப்பு மையில் எழுதி வரும் நமக்கு, அவசரப்படுத்தவே முடியாத ஒரு விஷயம் வீட்டில் இருப்பது நல்லதுதான்.

எதிரே ஒரு ஈஸி சேர் போட மறக்காதீர்கள்.