கழித்தால் வரும் கேள்வி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

பெரியோர் மறைந்தால் அவர்கள் எழுதிய நூல்களையும், கட்டிய கோயில்களையும், ஆற்றிய சொற்பொழிவுகளையும் சொல்லி நினைவு கூர்வது நம் வழக்கம். நான் ஒரு பெரியவரை ஒரு கழித்தல் கணக்கைக் கொண்டு நினைவு கூர்கிறேன். அவர் கணிதப் பேராசிரியர் அல்லர், கத்தோலிக்க ஆயர். இலங்கையின் மன்னார் மறைமாவட்டத்தை 23 ஆண்டுகளுக்கு மேல் வழிநடத்திய இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2021 ஏப்ரல் 1ஆம் நாள், பெரிய வியாழனன்று, அவர் யாழ்ப்பாணத்தில் காலமானார்.

நான் கோபாலபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கும்பிடுவது முருகனை. அப்படியிருக்க, கடலுக்கு அப்பால் மறைந்த ஓர் ஆயருக்காக உனக்கென்ன துக்கம் என்று தோழியர் கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள். அதற்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

ஆண்டகை 1940 ஏப்ரல் 16இல் நெடுந்தீவில் பிறந்தவர். 1967இல் குருவானவர், 1992இல் மன்னாரின் ஆயரானவர். அவர் பொறுப்பேற்ற காலம் அமைதிக் காலமன்று. தமிழர்கள் நூற்றாண்டுகளாக நாடிச் செல்லும் மடு மாதா திருத்தலம் அவருடைய மறைமாவட்டத்தில்தான் உள்ளது. வீடிழந்தவர்கள் தஞ்சம் புகுந்திருந்த அந்தத் தலத்தின் மேலேயே 1999 நவம்பரில் எறிகணைகள் விழுந்து பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் மிக அருகே வந்தபோது, மாதாவின் திருச்சொரூபத்தையே அங்கிருந்து தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. ஆம், மாதாவும் அகதியான காலம் அது!

2009 மே மாதம் போர் முடிந்தது. அதன்பின் இலங்கை அரசு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு என்ற ஒன்றை அமைத்தது. 2011 ஜனவரியில் அந்தக் குழு மன்னாருக்கு வந்தபோது, ஆண்டகை தம் குருக்களுடன் அதன் முன் சென்று ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் 4,29,059 பேர். இது கச்சேரி, அதாவது அரசின் மாவட்டச் செயலகம், தந்த எண். போர் முடிந்தபின் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். இது ஐக்கிய நாடுகள் அவையின் அலுவலகம் 2009 ஜூலையில் தந்த எண். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 1,46,679. இந்த மக்களுக்கு என்ன ஆயிற்று? அதைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார்.

இரண்டு எண்களில் ஒன்றுகூட அவருடையதன்று. ஒன்று அரசுடையது; மற்றொன்று உலக மன்றத்துடையது. அவர் செய்தது கழித்தல் மட்டுமே. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஆனால் அதை அந்த இடத்தில், அந்த நாளில், அவர்கள் முகத்துக்கு நேரே போட்டுக்காட்ட எவ்வளவு துணிவு வேண்டும்! 2012இல் புலனாய்வுத் துறையினர் அவரிடமே வந்து இந்த எண்ணைப் பற்றி விசாரித்தார்கள். அவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

இந்தக் கணக்கு எனக்கு எளிதில் விளங்கியதற்குக் காரணம் என் தந்தை. அவர் எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. எந்த வீட்டுத் துணி எத்தனை வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பார். இருபது உருப்படி வந்து பத்தொன்பது போனால் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது. மூட்டைகளை எல்லாம் பிரித்துப் பார்ப்பார். "வந்தது எத்தன, போனது எத்தன, மிச்சம் எங்க? இதுக்குப் பதில் சொல்லத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாதும்மா" என்பார். ஒரு கைக்குட்டைக்கே இந்த நீதி என்றால், மனிதர்களுக்கு எந்த நீதி வேண்டும்?

இங்கே கணித மாணவி என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 1,46,679 பேரும் இறந்துவிட்டார்கள் என்பது அந்தக் கணக்கின் விடையன்று. இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுத்த எண்களைக் கழிக்கும்போது பிழைக்கு இடமுண்டு. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு, இறுதிப் போரில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று 2011இல் கூறியது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு ஒன்று, கணக்கில் வராதவர்கள் 70,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்றது. இலங்கை அரசு இவற்றை ஏற்கவில்லை. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது உண்மை. அதனால்தான் ஆண்டகை தம் எண்ணைத் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாக வைத்தார். பிழை இருந்தால் காட்டுங்கள். ஆனால் ஆட்களைக் கணக்கில் கொண்டு வந்து காட்டுங்கள் என்பதே அதன் பொருள்.

இன்னொன்றும் உண்டு. செய்தித்தாள்களில் இதை 'ஏறத்தாழ ஒன்றரை இலட்சம்' என்று எழுதுவார்கள். பள்ளியில் நாம் படித்த முழுதாக்கல் அது. ஆண்டகை முழுதாக்கவில்லை. அறுநூற்று எழுபத்தொன்பது என்று கடைசி இலக்கம் வரை சொன்னார். அந்தக் கடைசி ஒன்பதுக்குள் யார் இருந்தார்கள் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு நினைத்துப் பார்க்கக் கற்றுத் தந்தவர் எங்கள் வீட்டுக்குப் பின்கட்டில் குடியிருந்த ஆச்சி.

ஆச்சி மன்னார்க்காரர். 2006இல் மகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு சென்னைக்கு வந்தவர். ஒரே மகன் மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்டான். போர் துரத்தத் துரத்த அவர்கள் வன்னிக்குள் போனார்கள். 2009 பங்குனிக்குப் பிறகு சேதி இல்லை. அவனுடைய படம் ஒன்று ஆச்சியின் அறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பூ வைப்பார், மாலை போடமாட்டார். மாலை போட்டால் என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

2021இல் நான் பள்ளி மாணவி. கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. அந்த வியாழக்கிழமை காலை ஆச்சி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கட ஆண்டகை போயிட்டார், பிள்ளை" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்கட பிள்ளையள் எங்கையெண்டு ஆர் கேட்டது? அவர்தான் கேட்டவர். அந்தக் கணக்கில என்ர மகனும் ஒருத்தன்" என்றார்.

அன்றுதான் அந்த எண்ணை நான் முதன்முதலில் கேட்டேன். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தடுமாற்றம்தான். ஆனால் அந்த ஆறு இலக்கங்களும் அவருக்கு மனப்பாடம்.

மறுநாள் பெரிய வெள்ளி. ஆச்சியைத் தனியே அனுப்ப மனமின்றி நானும் உடன் சென்றேன். இராதாகிருஷ்ணன் சாலை வரை நடந்து, அங்கிருந்து ஆட்டோவில் சாந்தோம் போனோம். இயேசுவின் சீடரான புனித தோமையாரின் கல்லறை மேல் எழுந்ததாகப் போற்றப்படும் பேராலயம் அது. இப்போதுள்ள கட்டடம் 1896இல் எழுப்பப்பட்டது. வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் ஆச்சி அந்த உயர்ந்த வெள்ளைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். "கல்லறை இருந்தால் அதுக்கு மேல கோயில் கட்டலாம். கல்லறையே இல்லாதவைக்கு என்னத்தைக் கட்டுறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை அடக்கத் திருப்பலி நிகழ்த்துவதில்லை என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. ஆகவே ஏப்ரல் 5, திங்கட்கிழமை, மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் ஆண்டகையின் நல்லடக்கம் நடந்தது. இங்கே மறுநாள் சட்டமன்றத் தேர்தல். தெருவெல்லாம் எத்தனை வாக்கு, யாருக்கு எத்தனை இடம் என்ற பேச்சு. உயிரோடிருக்கும் தலைகளை எண்ணுவதில் நமக்கு இருக்கும் ஆர்வம்தான் என்னே! பின்கட்டில் ஆச்சி, மகளின் கைப்பேசியில் வந்த அடக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாளிதழில் வெளிவந்த ஆண்டகையின் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, மாதா படத்துக்கு மறுபக்கம் வைத்து, என்னை அனுப்பி வாங்கிய சாமந்தி மாலையை அதற்குப் போட்டார், மெழுகுதிரி ஏற்றினார்.

மகன் படத்தில் பூ மட்டும்.

"ஆண்டகைக்குப் போடலாம் பிள்ளை. அவர் செத்த நாள் தெரியும். தாட்ட இடம் தெரியும்" என்றார்.

துக்கம் என்றால் அழுவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். துக்கப்படுவதற்கும் சில உரிமைகள் வேண்டும் என்பது அன்று விளங்கியது. ஒரு நாள் வேண்டும். ஓர் இடம் வேண்டும். 'ஆம், இறந்துவிட்டார்' என்று பொறுப்போடு சொல்ல ஒருவர் வேண்டும். அந்த மூன்றும் கிடைக்காத ஆயிரமாயிரம் தாய்மாருக்காகவே ஆண்டகை அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்தத் தாய்மார் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். அவர் கணக்கில் சமயம் பார்த்துப் பிரிக்கவில்லை. ஒரு மேய்ப்பன் மந்தையை எண்ணுவதுபோல் எண்ணினார். குறைந்தது கண்டு குரல் கொடுத்தார்.

நோயின் காரணமாக 2016 ஜனவரியில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். காணாமற்போனோருக்கென ஓர் அலுவலகம் அமைக்க இலங்கையில் 2016இல் சட்டம் வந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடியே அவர்களில் பலர் மூப்பெய்தி மறைந்தும் போனார்கள். 1,46,679 என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க விடையைப் பார்க்காமலே ஆண்டகையும் கண்மூடினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று உறவினர் கேட்கிறார்கள். வங்கித் தேர்வு எழுதுவேன், ஆசிரியை ஆவேன் என்று ஏதேதோ சொல்லி வைக்கிறேன். அவை உண்மைதான். ஆனால் எண் என்பது எதற்கு என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இருவர். ஒருவர் தெரு முனையில் துணி எண்ணுகிறார். மற்றவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

மாணவத் தோழர்களே, தோழியரே! வெள்ளத்தில் இத்தனை பேர், நெரிசலில் இத்தனை பேர், போரில் இத்தனை பேர் என்று நாள்தோறும் எண்களைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். இனி அப்படி ஓர் எண்ணைக் காணும்போது ஒரு நொடி நின்று, இருந்தவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, மீதி எங்கே என்று கேட்டுப் பார்ப்போம். கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை; பட்டம் பெறப் போகும் நாம் கேட்காமலிருக்கக் காரணமும் இல்லை. மறைந்த ஆண்டகைக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி இதுவே என்று நினைக்கிறேன்.