இட்லி மூழ்கலாமா?



இட்லியைத் தொட்டுச் சாப்பிடுவதா, மூழ்கடிப்பதா? சென்னைக்கும் நமக்கும் இது பழைய வழக்கு. போன வாரம் பேரனோடு திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் அது மறுபடி விசாரணைக்கு வந்தது. அங்கே கேட்கக் கேட்க சாம்பார் ஊற்றுகிறார்கள். இட்லி கண்ணுக்கே தெரியவில்லை. ருசியைக் குறை சொல்ல முடியாது.

“சாம்பாரே நம்ம தஞ்சாவூர் மராட்டியர் அரண்மனையில் பிறந்ததுடா” என்றேன்.

“ஆதாரம் இருக்கா தாத்தா?”

வகுப்பில் உங்களை நான் கேட்ட அதே கேள்வி! போதாததற்கு, 1948-இல் அந்தக் கடையைத் தொடங்கியவர் வடநாட்டுக்காரர் என்றும் சொன்னான்.

சரி, கும்பகோணம் கடப்பாவுக்கு வா என்றேன். “கடப்பா கல்லா தாத்தா?” என்கிறான்! அவன் அம்மா கும்பகோணத்தில் வளர்ந்தவள். கேட்டால், “வச்சு வருஷக்கணக்காச்சுப்பா” என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே அடுப்படியில் நின்றேன். வெந்த பாசிப்பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு. தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கியபின் எலுமிச்சை. புளி கிடையாது, மஞ்சளாக சாம்பார் நிறமும் வராது. மகள் பக்கத்தில் நின்று அளவுகளை எழுதிக்கொண்டாள்.

பேரன் நாலு இட்லியைக் கடப்பாவில் மூழ்கடித்துச் சாப்பிட்டான்.