பால் கணக்குக்குப் பக்கத்தில்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது என் அம்மா காலத்துப் பழக்கம். அரை லிட்டருக்கு ஒரு கோடு, பால்காரர் வராத நாளுக்கு ஒரு சுழி. பேத்தி பிறந்த பிறகு அந்தக் கட்டங்களில் இன்னொரு கணக்கும் ஏறியது. “முகம் பார்த்துச் சிரித்தாள்.” “கழுத்து நின்றது.” “தானே குப்புற விழுந்தாள், இடப்பக்கமாக.” பென்சிலால் பொடி எழுத்தில் நான் எழுதி வைத்தவை. அந்த இரண்டு வருடத்துக் காலண்டர்களையும் சுருட்டி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முன்பே, 32 வாரத்திலேயே, பிறந்துவிட்டாள். எடை ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வாரம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று டாக்டர் அம்மா என் மகளிடம் சொன்னார்: “இவளுக்கு ரெண்டு கணக்கு வெச்சுக்கோங்கம்மா. தடுப்பூசிக்குப் பிறந்த தேதியைப் பாருங்க. வளர்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் எட்டு வாரத்தைக் கழிச்சிடுங்க. ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான்.” முழு மாதம் 40 வாரம். அதில் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டிய எட்டு வாரத்தை அவள் தொட்டிலில் கழிக்கிறாள். நியாயமான கணக்குதான்.

ஆனால் கணக்கு தெரிந்தால் மட்டும் மனசு ஆறிவிடுமா? ஐந்தாம் மாதம் ஒரு நாள் மகள் கண் கலங்கி நின்றாள். “எதிர் வீட்டுக் குழந்தை இவளுக்கு அப்புறம் பிறந்ததும்மா. அதுக்குக் கழுத்து நின்னுடுச்சு. இவ இன்னும் தலையைத் தொங்கப் போடுறாளே.” நான் காலண்டரை எடுத்து வந்து, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். அங்கிருந்து எண்ணச் சொன்னேன். எண்ணினாள். மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கழுத்து நிற்பது மூன்று, நான்கு மாதத்தில்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, கோரைப்பாயில் குப்புறப் போட்டிருந்தோம். இரண்டு முழங்கையையும் ஊன்றித் தலையை நிமிர்த்தினாள். தலை ஆடவில்லை. எதிரே துலக்கிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் குடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. அதையே பார்த்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிப் பாயைத் தொட்டது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். பிறகு மெதுவாகக் கன்னத்தைப் பாயில் சாய்த்துக்கொண்டாள். அன்றைய கட்டத்தில் பால் கோடு போட மறந்துவிட்டேன். “கழுத்து நின்றது” என்பது மட்டும் இருக்கிறது.

குழந்தையின் ஒவ்வொரு படியையும் எண்ணிக் கொண்டாடுவது நமக்குப் புதிதல்ல. குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம், அடி எடுத்து வைத்தால் இன்னொன்று என்று வீட்டுக்கு வீடு வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதத்துச் செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் கோலம். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி என்பது கை கொட்டுவது. எங்கள் மதுரை மீனாட்சிக்கே அப்படி மாதம் எண்ணிப் பாடியிருக்கிறார் குமரகுருபரர். குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள் போட்ட கணக்கு அது.

பாட்டுக்கு ஒரு மாதம் போதும். வீட்டில் வளரும் குழந்தைக்கு அது போதாது. அதற்கு ஓர் இடைவெளி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் ஓர் அளவு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். நடை ஒன்றுக்கே ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி! அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை; தவழாமலேயே எழுந்து நடந்துவிட்டார்கள். இதைப் படித்துக் காட்டிய அன்று என் மகள் எதிர் வீட்டுக் கணக்கை விட்டாள்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு நல்ல அட்டவணை இருக்கிறது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கியது. இரண்டு வயதுக்குள் பார்க்க வேண்டியவை மொத்தம் 17. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால், அதற்கு இடப்பக்கத்தோடு முடிந்துவிட்ட பட்டைகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். கேட்பதும் வீட்டு விஷயங்கள்தான்: முகம் பார்த்துச் சிரிக்கிறதா, கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் தலை திரும்புகிறதா, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுகிறதா, பொடிப் பொருளை விரல் நுனியால் எடுக்கிறதா. கடைசிக் கேள்விக்கு நான் ஒரு பொரியைத் தட்டில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதலில் உள்ளங்கையால் அள்ளப் பார்த்தாள், பொரி நழுவியது. சில வாரம் கழித்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எறும்பின் கொடுக்குப்போலச் சேர்ந்து அதைத் தூக்கின. வாய்க்குப் போகுமுன் வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவு பிடிவாதமாக நான் எழுதி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகன் பிறந்தபோது எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதவில்லை. அழகான குழந்தை. ஆளைப் பார்த்தால் சிரிப்பான், “ங்கா” சொல்வான், நேரத்துக்கு நடந்தான். பேச்சு மட்டும் வரவில்லை. “அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்” என்றார்கள் அவள் மாமியார். “ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்” என்றேன் நான். கதவைச் சாத்தினால் திரும்பினானே, காது கேட்காமலா இருக்கும் என்று நினைத்தோம். அவன் திரும்பியது சத்தத்துக்கு அல்ல, தரையின் அதிர்வுக்கும் நிழலுக்கும். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் “ங்கா” சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியாது. தங்கை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்: “அக்கா, முதுகுக்குப் பின்னால கூப்பிட்டா இவன் திரும்புறதே இல்லையே?” நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். மூன்று வயது தாண்டிப் பரிசோதித்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

காது கேட்காதது யார் குற்றமும் அல்ல. கைவிட்டுப்போன அந்த மூன்று வருடம் எங்கள் குற்றம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் இன்று சொல்லப்படும் முறை. மூளை பேச்சைப் பற்றிக்கொள்ளும் காலம் அது. அவன் இன்று படித்து வேலையில் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அவன் எவ்வளவு வியர்வை சிந்திக் கற்றான் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். அதுவும் ஊசிக்குப் பயந்து அலறும் குழந்தையை. பசியாறி, தூங்கி எழுந்து, குணமாக விளையாடும் குழந்தையைப் பார்ப்பவர்கள் நாம்தான். நாம் குறித்துக் கொடுத்தால்தான் அவருக்கும் தெரியும். பேத்தி இடப்பக்கமாகவே புரள்கிறாள் என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான், வலப்பக்கமும் புரள்கிறாளா என்று டாக்டர் அம்மா கேட்டார். பத்து நாளில் அதுவும் வந்தது, எழுதினேன். எழுத நேரமில்லையென்றால் செல்போனில் அரை நிமிடம் படம் எடுத்து வையுங்கள், அதுவும் போதும்.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, பத்து மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் நடையோ பொருளுள்ள ஒரு சொல்லோ இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலும் காட்டுங்கள். வந்த ஒன்று, பேச்சோ சிரிப்போ, திரும்பிப் போய்விட்டால் அன்றைக்கே காட்டுங்கள். குறைமாதக் குழந்தைக்குக் குறைந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவும் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள்.

பேத்தி நடந்தது பிறந்த 15-ஆம் மாதம், கழித்துப் பார்த்தால் 13. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் குழந்தை பெற்றவள் “எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று சொன்னால், தயவுசெய்து அவளைச் சமாதானப்படுத்தாதீர்கள். காலண்டரை எடுத்துக்கொண்டு அவளோடு டாக்டரிடம் போங்கள்.