அந்த வண்டி என்ன வண்டி?

வாணியம்பாடியில் பஸ் ஏறி, ஆலங்காயம் தாண்டி, காவலூர் வரைக்கும் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஜவ்வாது மலையில் இருந்து இறங்குவது எல்லாமே சுமைதான். புளி, சாமை, தேன், பலாப்பழம்... மேலே ஏறுவதும் சுமைதான். அரிசி, உப்பு, சிமெண்ட் மூட்டை. சுமை இருக்கிற ஊரில் சுமை வண்டி இருக்கும். சுமை வண்டி இருக்கிற ஊரில் ஒரு காயலான் கடையும் கட்டாயம் இருக்கும்!

இப்போது ஒரு சின்ன கற்பனை. ஆலங்காயத்தில் ஏதோ ஒரு வீட்டின் பின்பக்கம், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், முருங்கை மரத்தடியில் ஒரு வண்டி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பார்த்தால் மோட்டார் சைக்கிள். பின்னால் பார்த்தால் இரண்டு சக்கரம், மேலே ஒரு மரப்பெட்டி. பெட்டியில் பாதியை கரையான் தின்றுவிட்டது. சீட் மேல் கோழி முட்டை போடுகிறது. லீவுக்கு வந்த காலேஜ் பேரன் கேட்கிறான்.

"தாத்தா, இது இன்னா வண்டி?"

"அது டெம்போடா."

தாத்தாவைப் பொறுத்தவரை கேள்வி முடிந்துவிட்டது. பேரனுக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி எல்லாமே டெம்போதான். ஆனால் 'டெம்போ' என்பது ஒரு வண்டியின் வகை இல்லை, ஒரு கம்பெனி வைத்த பெயர். (சங்கீதத்தில் வருகிற டெம்போ வேறு விஷயம்.) ஜெர்மனியில் 1928இல் ஒரு சட்டம் வந்தது. எஞ்சின் 200 சிசிக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், வரியும் கட்ட வேண்டாம். ஹாம்பர்க்கில் இருந்த விடால் அண்ட் சோன் என்ற கம்பெனி அதே வருடம் அந்தச் சந்தையில் இறங்கியது. முன்னால் இரண்டு சக்கரமும் சரக்குப் பெட்டியும், பின்னால் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவது. அதற்கு வைத்த பெயர்தான் டெம்போ. பிறகு அவர்களே ஹான்சீட் என்று வேறொரு மூன்று சக்கர வண்டி செய்தார்கள். அதை இந்தியாவில் செய்வதற்கு என்.கே. ஃபிரோதியா 1958இல் பஜாஜ் டெம்போ கம்பெனியை ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி பெயரையே 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 'டெம்போ' போகவில்லை. கல்யாணத்துக்கு டெம்போ, கோயிலுக்கு டெம்போ டிராவலர், செங்கலுக்கு மினி டெம்போ!

சரி, முருங்கை மரத்தடிக்கு வருவோம். ஹான்சீட்டில் எஞ்சின் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், செயின் போட்டு முன் சக்கரத்தைத்தான் இழுக்கும். டிரைவருக்கு கேபின் உண்டு, வட்டமான ஸ்டியரிங் உண்டு. மரத்தடி வண்டியில் ஸ்டியரிங் இல்லை, ஹேண்டில் பார். கேபின் இல்லை. எஞ்சின் ஓட்டுபவரின் இரண்டு காலுக்கும் நடுவில். அப்படியென்றால் டெம்போ இல்லை. ஒரு பெயரை அடித்தாயிற்று.

பழைய வண்டியை அடையாளம் கண்டுபிடிப்பது முக்கால்வாசி இந்த அடிக்கிற வேலைதான். "இது என்ன" என்று கேட்டால் பதில் வராது. "இது என்ன இல்லை" என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று மிஞ்சும். பக்கத்திலேயே, காவலூர் வானாய்வகத்தில், 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அந்த வேலையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஒரே வானத்தை வேறு வேறு நேரத்தில் படம் எடுத்து, இது தெரிந்த நட்சத்திரம், இதுவும் தெரிந்த நட்சத்திரம் என்று தள்ளிக்கொண்டே போனால், இடம் மாறிய ஒரு புள்ளி மிஞ்சும்.

அடுத்த சந்தேகம் ஸ்கூட்டர் குடும்பம். இத்தாலியில் போர் முடிந்த பிறகு சரக்கு ஏற்ற வண்டி இல்லை, வாங்கக் காசும் இல்லை. பியாஜியோ கம்பெனி 1948இல் வெஸ்பா ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு சக்கரத்தைப் போட்டு 'ஆப்பே' என்று விற்றது. வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. (தேனுக்குப் பேர் போன ஜவ்வாது மலையில் இன்றைக்கும் ஆப்பே ஆட்டோ ஓடுகிறது. எத்தனை பேருக்குத் தெரியும் அது தேனீ என்று?) போட்டிக் கம்பெனி இன்னோசென்டி, லாம்பிரெட்டாவை வைத்து அதையே செய்தது. இந்தியாவில் லாம்பிரெட்டாவை பம்பாயின் ஏ.பி.ஐ. கம்பெனி கொண்டுவந்தது. எஃப்.டி. என்ற லாம்பிரெட்டா மூன்று சக்கர வண்டியில் எஞ்சின் முன்னால் இருக்கும், அங்கிருந்து நீளமான ஷாஃப்ட் பின் அச்சுக்குப் போகும். செயின் கிடையாது. இந்த வண்டிகளை ஒரே பார்வையில் பிரித்துவிடலாம். சக்கரம் ஸ்கூட்டர் சக்கரம், சின்னதாக இருக்கும். எஞ்சினும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 125 அல்லது 150 சிசி. மரத்தடி வண்டியில் சக்கரம் பெரிது. அதுவும் அடித்தாயிற்று.

ஜப்பானையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று கார் விற்கிற மஸ்டா, 1931இல் ஹிரோஷிமாவில் முதன்முதலாகச் செய்த வண்டியே மஸ்டா-கோ என்ற மூன்று சக்கர சரக்கு மோட்டார் சைக்கிள்தான். 1945 ஆகஸ்டில் அந்த ஊர் மேல் குண்டு விழுந்தது. டிசம்பரில் அதே கம்பெனி மறுபடியும் மூன்று சக்கர வண்டி செய்ய ஆரம்பித்துவிட்டது. வீடு கட்ட வேண்டும், சோறு கொண்டுவர வேண்டும். அதற்கு கார் உதவாது, இதுதான் உதவும்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. கம்பெனி வண்டியா, பட்டறை வண்டியா? சென்னைக்காரர்களுக்கு மீன் பாடி வண்டியைத் தெரியாமல் இருக்காது. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளில் ஏதாவது ஒரு பழைய பைக் எஞ்சினை மாட்டி ஓட்டுவது. நம்பர் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, பிரேக் பற்றி கேட்காமல் இருப்பது நல்லது. ஆனால் இதைக் கேவலமாகப் பேசுவது சரியில்லை. விடால் அண்ட் சோன் செய்ததும், பியாஜியோ செய்ததும் அடிப்படையில் இதையேதான். அவர்களிடம் ஃபேக்டரி இருந்தது, இவர்களிடம் வெல்டிங் மிஷின் இருக்கிறது.

வித்தியாசம் தெரிய குனிந்து பின் அச்சைப் பார்க்க வேண்டும். பட்டறை வண்டியில் பெரும்பாலும் செயின் ஒரு சக்கரத்தை மட்டும் இழுக்கும், அல்லது இரண்டு சக்கரத்தையும் ஒரே தடி அச்சில் பூட்டியிருப்பார்கள். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைவாகப் போக வேண்டும். ஒரே அச்சில் பூட்டினால் இரண்டும் சமமாகச் சுற்றும், ஒன்று தேய்த்துக்கொண்டே வரும். மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவில் இது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! அதைத் தீர்ப்பதுதான் டிஃபரன்ஷியல். செயின் நடுவில் ஒரு உருண்டையான இரும்புப் பெட்டிக்குள் போனால், அங்கே டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று அர்த்தம். கூடவே ரிவர்ஸ் கியரும் இருந்தால் அது பெரும்பாலும் பட்டறை வேலை இல்லை.

பேரன் குனிந்து பார்க்கிறான். இரும்புப் பெட்டி இருக்கிறது. எஞ்சினைத் துடைக்கிறான். ஒரு சிலிண்டர் இல்லை, இரண்டு. 'வி' எழுத்து மாதிரி விரிந்து நிற்கிறது. மேலே தலை தட்டையாக இருக்கிறது, வால்வு மூடிகள் எதுவும் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் நெஞ்சு படபடக்கும். தட்டைத் தலை வி-ட்வின், 45 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 740 சிசி. ஹார்லி டேவிட்சன்!

ஹார்லி கம்பெனி 1932 முதல் 1973 வரை சர்வி-கார் என்று ஒரு மூன்று சக்கர வண்டி செய்தது. அது பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் கார் ரிப்பேர் கடைக்காரர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் காரை எடுத்துவர இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காரை ஓட்ட, இன்னொருவர் தாங்கள் வந்த வண்டியை ஓட்ட. சர்வி-காரில் போனால் ஒரே ஆள் போதும். வண்டியை காரின் பின் பம்பரில் மாட்டி இழுத்துக்கொண்டே வந்துவிடலாம். பின்னால் பெட்டி இருந்ததால் பொருள் டெலிவரிக்கும் பயன்பட்டது, போலீஸ்காரர்களும் வாங்கினார்கள்.

இதே 45 எஞ்சின் வேறொரு வண்டியிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குச் செய்த டபிள்யூ.எல்.ஏ. மோட்டார் சைக்கிள். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை டெல்லி மெக்கானிக்குகள் வாங்கி, பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கர அச்சும் ஒரு கூண்டும் வைத்தார்கள். அதுதான் டெல்லியின் புகழ்பெற்ற 'பட்பட்டி'. போகிற சத்தமே பெயர். பல வருடம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. எஞ்சின் தேய்ந்துபோன வண்டிகளில் டீசல் எஞ்சினைத் திணித்து ஓட்டினார்கள். காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு 1998இல் பட்பட்டிகள் ரோட்டை விட்டுப் போயின. அத்தனை வருடம் ஓடியதில் எந்த வண்டி சர்வி-கார், எது மாற்றிக் கட்டிய ராணுவ வண்டி, எதில் எந்த எஞ்சின் என்பதெல்லாம் குழம்பிவிட்டது. இப்போது 'ஒரிஜினல் ஹார்லி' என்று காட்டப்படுகிற மூன்று சக்கர வண்டியைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுவதுதான் நல்லது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி நம்பர். எஞ்சினின் இடது பக்கம், சிலிண்டருக்குக் கீழே, கிராங்க் கேஸில் பஞ்ச் அடித்திருக்கும். முதலில் வருடம், பிறகு மாடல் எழுத்து, பிறகு வரிசை எண். எழுத்து 'ஜி'யில் ஆரம்பித்தால் எஞ்சின் சர்வி-காருடையது. '42 டபிள்யூ.எல்.ஏ.' என்று இருந்தால் ராணுவ எஞ்சின். அதிலும் ஒரு பொடி இருக்கிறது. 42 என்று பார்த்ததும் 1942 என்று துள்ளக்கூடாது. போர் முடியும் வரை வந்த வண்டிகளுக்கும் 42 என்றே அடித்தார்கள். எஞ்சினின் அடி வயிற்றில், கிராங்க் கேஸின் இரண்டு பாதியிலும் வேறு எண் ஒன்று இருக்கும். இரண்டு பாதியிலும் அது ஒன்றாக இருந்தால் ஜோடி சரி. மாறியிருந்தால் இரண்டு செத்த எஞ்சினில் இருந்து ஒரு எஞ்சின் செய்திருக்கிறார்கள்.

இதற்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியும், பல் தேய்க்கும் பிரஷும், பொறுமையும் போதும். கிரைண்டர் வைக்கக்கூடாது. உப்புத்தாளும் கூடாது. துருவோடும் அழுக்கோடும் சேர்த்து நம்பரும் போய்விட்டால், நம்பரை வேண்டுமென்றே அழித்தது மாதிரி ஆகிவிடும். திருட்டு வண்டி என்று யாராவது சொன்னால் மறுக்க வழியில்லை.

பெட்ரோல் டேங்க், ஹெட் லைட், மட்கார்ட் எதையும் நம்பக்கூடாது. புல்லட் டேங்க் இருந்தால் புல்லட் ஆகிவிடாது. ஆர்.சி. புத்தகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 'எம்' எழுத்தில் ஆரம்பிக்கும் பழைய மெட்ராஸ் நம்பராக இருக்கலாம். இப்போதுள்ள டி.என். வரிசை 1989இல்தான் வந்தது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. பிறகு? மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, பழைய உருவத்திலேயே இருந்தால், 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் விதியில் இருப்பது இரண்டு சக்கர வண்டியும் நான்கு சக்கர வண்டியும் மட்டும். மூன்று இல்லை! மகாராஜா ஏறிய காருக்கு இடம் உண்டு. மாப்பிள்ளை ஓட்டிய மோட்டார் சைக்கிளுக்கு இடம் உண்டு. மூட்டை சுமந்த வண்டிக்கு இல்லை. இதை எழுதியவர்கள் வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டார்கள். நினைவுக்கே வந்திருக்காது என்பதுதான் வருத்தம்.

அதனால் மரத்தடி வண்டியின் எதிர்காலம் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. பேரன் லீவு முடிந்து காலேஜுக்குத் திரும்புகிறான். "அதைத் தொடாதீங்க தாத்தா, நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். மழைக்காலம் வருகிறது. கொட்டகையை நீட்டிக் கட்ட இடம் வேண்டும். காயலான் கடைக்காரர் தராசோடு வருகிறார். அவருக்கு இரும்பு ஒரு விலை, அலுமினியம் அதைவிடப் பல மடங்கு விலை. அதனால் அவர் முதலில் கழற்றுவது அலுமினியத்தைத்தான். அந்தக் கால ஹார்லியில் கிராங்க் கேஸ் அலுமினியம். நம்பர் இருப்பது அதில் மட்டும்தான். 1970க்கு முந்தைய ஹார்லி சட்டத்தில் கம்பெனி நம்பரே அடிக்கவில்லை.

பொங்கலுக்கு பேரன் திரும்பி வரும்போது மரத்தடியில் சட்டமும், பின் அச்சும், மரப்பெட்டியில் மீதியும் கிடக்கும்.

"வண்டி இங்கதான்டா இருக்கு, எஞ்சின் மட்டும்தான் குடுத்தேன்" என்பார் தாத்தா.