குடும்பப் பெயர் கட்டத்தில் எதை எழுத?

வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்தாலே நாங்க ஒரே இடத்துலதான் தடுக்குப்படுறோம். 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். ஒருத்தர் வாப்பாட பெயரை எழுதுவார். இன்னொருத்தர் தன்ட பெயர்ல பாதியை வெட்டிப் போடுவார்.

போலந்தில் கோவால்ஸ்கி மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. கோவால் என்றால் கொல்லன். மகனுக்குக் கோவால்ஸ்கி, மகளுக்குக் கோவால்ஸ்கா; வழக்கமாகத் தகப்பன் வழியாகவே வரும். எங்கட பக்கம் அப்படியில்ல. ஆதம்லெப்பை, மீராலெப்பை, உதுமாலெப்பை என்று கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் எங்கும் லெப்பைகள்தான். ஆனா எல்லாரும் ஒரே குடும்பமில்ல. வாப்பாட பெயர் எங்களுக்கு முதலெழுத்து. எங்கட பிள்ளைக்கு வரும்போது அந்த எழுத்தே மாறிப்போகும்.

தலைமுறை தாண்டி நிற்கிற பெயர் எங்களுக்கும் இருக்கு. அது எந்த அடையாள அட்டையிலும் இல்ல. அதுதான் குடி. வரிசைநாட்டான் குடி, ராசாம்பிள்ளை குடி, லெப்பை குடி என்று பல. உம்மாட குடிதான் பிள்ளையின் குடி. ஆண்பிள்ளைக்கும் அதுவே, ஆனா அவர் அதைத் தன்ட பிள்ளைக்குக் கொடுக்க ஏலாது. ஒரே குடிக்குள்ள கலியாணம் கூடாது என்பது பழைய விதி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்ததும் இந்தக் கணக்கில்தான்.

இது எங்களுக்கு மட்டும் உரியதுமில்ல. பக்கத்து ஊர்த் தமிழர்களிடமும் உலகிப்போடி குடி, பணிக்கனா குடி என்று தாய்வழிக் குடிகள் உண்டு. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இரு சமூகங்களின் இந்த ஒற்றுமையையும் விரிவாக எழுதியிருக்கிறார். யுத்தம் எங்களைப் பிரித்த பிறகும் வழக்கம் ஒன்றாகவே கிடந்தது.

குடியோட சேர்ந்ததுதான் வீடும். மகளுக்குச் சீதனமா வீடு, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். 2004 டிசம்பர் 26 கடல் வந்து கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. அவற்றில் ஏராளமானவை பெண்களின் வீடுகள். திரும்பக் கட்டிக் கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் பல இடங்களில் ஆணின் பெயர் ஏறியது. ஒரு கட்டத்தைப் பிழையாக நிரப்பினால் ஒரு வீடே கைமாறும் என்று அப்பதான் விளங்கிச்சு.

குடியைப் புனிதமாக்கவும் நாங்க வரல்ல. பெண் வழியா வருகிற குடிக்கு மரைக்காரா இருந்ததெல்லாம் ஆண்கள்தான். சீதன வீடு கட்டிக் கட்டியே தேய்ஞ்ச வாப்பாமாரும் காக்காமாரும் எங்கட வீடுகள்லயே இருக்காங்க.

ஆனாலும், இதை எழுத முன் எங்களுக்குள்ள கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேருக்குத் தங்கட குடி தெரியாது. மூத்தம்மாமாரிடம் கேட்டதும் பதில் ஒரு நொடியில் வந்தது. அவங்களுக்குப் பிறகு கேட்க ஆளில்ல. நீங்களும் இண்டைக்கே கேட்டு வைங்க.