கயிற்றின் மறுமுனை: மலையகப் பாதைகளில் வழிகாட்டி ஓட்டம்

பார்வையற்ற அல்லது பார்வை மிகக் குறைந்த ஓட்டவீரர் ஒருவரோடு கையில் ஒரு சிறு கயிற்றால் இணைந்து, அவருக்கு இணையாக ஓடி, பாதையின் போக்கைச் சொற்களால் அறிவித்துக்கொண்டே எல்லைக்கோடு வரை உடன்செல்பவர் வழிகாட்டி ஓட்டக்காரர் எனப்படுகிறார். இருவருடைய உட்புறக் கைகளும் ஒன்றாக முன்னும் பின்னும் வீசப்படுவதால், ஒருவரின் வலக்கால் எழும்போது மற்றவரின் இடக்கால் எழ வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போன்ற இந்த எதிரிணை அசைவு சிறிது பிசகினாலும் தோள்கள் மோதிக்கொள்ளும். பல மாதங்கள் சேர்ந்து ஓடினாலன்றி இது படியாது என்பதால், வழிகாட்டி ஓட்டத்தை வெறும் உதவியாகக் கொள்வதைவிட, பழகிக் கற்கும் ஒரு கைத்தொழிலாகக் கொள்வதே பொருந்தும்.

சர்வதேசப் போட்டிகளில் முழுப் பார்வையின்மை அல்லது அதற்கு மிக நெருங்கிய நிலை டி11 என்றும், ஓரளவு பார்வை எஞ்சிய நிலை டி12 என்றும் வகுக்கப்படுகின்றன. டி11 வீரர்கள் ஒளி புகாத கண்மறைப்பு அணிந்து வழிகாட்டியுடன் ஓடுகின்றனர்; டி12 பிரிவில் வழிகாட்டியை வைத்துக்கொள்வது வீரரின் விருப்பம். கயிறு இழுபடும் தன்மையற்றதாகவும் முழுநீளத்தில் 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும் என்பதோடு, வழிகாட்டி வீரரை இழுக்கவோ தள்ளவோ கூடாது, வீரருக்கு முன்னதாக எல்லைக்கோட்டைக் கடக்கவும் கூடாது என்றும் விதிகள் கூறுகின்றன. இதன் விளைவு விந்தையானது: வழிகாட்டி வீரரைவிட வேகமாக ஓட வல்லவராக இருந்தும், அந்த வேகத்தை ஒருபோதும் வெளிக்காட்ட முடியாதவராகிறார். டோக்கியோ பராலிம்பிக்கில் கிரேக்கத்தின் அத்தனாசியோஸ் கவேலாஸ் டி11 பிரிவின் 100 மீற்றரை 10.82 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தபோது, அவருடைய வழிகாட்டியும் ஒரு கை கட்டப்பட்ட நிலையில் அதே வேகத்தில் ஓடியிருந்தார். 2024 பாரிஸ் போட்டியில் பெண்களுக்கான டி12 பிரிவு 200 மீற்றரில் வெண்கலம் வென்ற இந்தியாவின் சிம்ரன் சர்மாவுக்கு அபய் சிங் வழிகாட்டியாக ஓடினார். அதே பாரிஸில், டி12 மரதனில் மூன்றாமிடத்தில் வந்துகொண்டிருந்த ஸ்பெயினின் எலேனா கொங்கொஸ்த், தசைப்பிடிப்பால் தடுமாறிய தம் வழிகாட்டியைத் தாங்குவதற்காக எல்லைக்குச் சில மீற்றர் முன்பு கயிற்றைக் கைவிட்டமைக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கயிற்றை விடாதே என்னும் விதிக்குக் காரணம் உண்டு என்றாலும், அன்று அது பயன்பட்ட விதம் கடுமையானது என்றே சொல்ல வேண்டும்.

இக்கலையை இலங்கையின் மத்திய மலைநாட்டில் வைத்துப் பார்க்கும்போது முதலில் எதிர்ப்படும் தடை மூச்சு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வீரர் அந்த மூச்சு முழுவதையும் ஓட்டத்துக்கே செலவிடலாம், வழிகாட்டியோ அதில் ஒரு பகுதியைப் பேச்சுக்கு ஒதுக்கியாக வேண்டும். ஆகவே மலையில் நீண்ட வாக்கியங்களுக்கு இடமில்லை. மேடு, இறக்கம், கல், படி, வளைவு என்ற ஒற்றைச் சொற்களும், அவை இன்னும் எத்தனை எட்டில் வரும் என்ற எண்ணிக்கையுமே பயன்படும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் வழிகாட்டியின் பார்வையே சில மீற்றருக்குள் சுருங்கிவிடுகிறது.

கிரெகரி ஏரிக்கரையைச் சுற்றி நடந்து பார்ப்பவருக்கு, நகரின் ஏனைய பாதைகளோடு ஒப்பிடுகையில் அங்கு தரை சமமாக இருப்பது தெரியும். புதிய இணை ஒன்று அடியொற்றுமை பழகுவதற்கு ஏற்ற இடம் அது, சவாரிக் குதிரைகளுக்கு வழிவிட்டால் போதும். அவிசாவளையிலிருந்து ஹற்றன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவை அடையும் ஏ7 வீதி வேறு விதமானது. கொண்டையூசி வளைவுகளில் பஸ்கள் உள்வளைவை ஒட்டித் திரும்புவதால், எந்தப் பக்கம் ஓடுவது என்பதை வழிகாட்டி வளைவுக்கு வளைவு முடிவுசெய்ய வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள் நுழைந்தால் நிலை இன்னும் மாறுகிறது. தேயிலை மலைகளின் குறுக்கே மழைநீர் வடிவதற்காக வெட்டப்பட்ட கான்கள் பாதையை அடிக்கடி அறுக்கின்றன; கொழுந்துக்கூடையோடு ஒருவர் ஏறுவதற்கான ஒற்றையடிக் குறுக்குப் பாதையில் இருவர் இணையாக ஓட இயலாது. அத்தகைய இடத்தில் வழிகாட்டி முன்னே செல்ல, வீரர் பின்னிருந்து ஒரு கோலின் மறுமுனையைப் பிடித்துத் தொடர்வதே பாதுகாப்பானது. பந்தயத்தில் இதற்கு இடமில்லை எனினும் பயிற்சிக்கு உதவும். வெள்ளையர் காலத்தில் தோட்டத்துக்கும் தபால் நிலையத்துக்கும் இடையே கடிதப் பையைக் கால்நடையாகச் சுமந்த தப்பால்காரர்கள் இதே சரிவுகளில்தான் நடந்தார்கள். மலையில் விரைந்து செல்வதும் ஒரு வேலையாக இருந்த காலம் அது.

பாதையை அறிந்த கால்களுக்கு மலையகத்தில் குறைவில்லை. தட்டுப்பாடு ஓய்வுநேரத்துக்கே. ஒருநாள் வேலைக்குரிய பதிவு பெயர் என்றும், அதில் பாதி அரைப்பெயர் என்றும் கணக்கிடப்படும் தோட்ட வாழ்வில், காலைப் பயிற்சிக்காகப் பெரட்டு எனும் காலை ஆட்கணக்கெடுப்புக்குப் பிந்தும் ஒருவர் தம் கூலியையே இழக்கிறார். கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்குப் பறிக்கும் நாளாகிவிடுகிறது. இளைஞர் பலர் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருந்துவிட்டுத் தீபாவளிக்கே தோட்ட வரிசைவீடான லயத்துக்குத் திரும்புகின்றனர். நகரத்தில் தன்னார்வம் எனப்படுவது சம்பளத்தோடு கூடிய விடுமுறையின் மேல் நிற்பது என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

மறுமுனையில் நிற்க வேண்டிய வீரரின் நிலையும் இதனோடு பிணைந்துள்ளது. 2012 குடிசனத் தொகைமதிப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதத்தினர் ஏதேனுமோர் உடற்செயல் இடர்ப்பாட்டோடு வாழ்கின்றனர், அவற்றுள் பார்வை தொடர்பானதே முதலிடம் பெறுகிறது. எனினும் 2012 முதல் 2024 வரை இலங்கை வென்ற பராலிம்பிக் பதக்கங்கள், பிரதீப் சஞ்சயவின் 400 மீற்றர் ஓட்டமாயினும் தினேஷ் பிரியந்த, சமித்த துலான் ஆகியோரின் ஈட்டி எறிதலாயினும், கையிலோ காலிலோ குறைபாடுடைய இராணுவ வீரர்கள் தனியே நின்று பெற்றவை. வழிகாட்டியோடு ஓடும் பிரிவில் ஒரு வீரரை உருவாக்க இரண்டு உடல்களைப் பயிற்றுவித்துப் பராமரிக்க வேண்டும். சம்பளமும் உணவும் மைதானமும் கொடுக்கும் படைமுகாமுக்குக்கூட அது இரட்டைச் செலவு, தோட்டத்துக்கோ சொல்லவே வேண்டியதில்லை.

இந்நிலையில் விதிப்புத்தகத்தின் ஒரு சலுகை கவனிக்கத்தக்கது. 5,000 மீற்றரும் அதற்கு மேற்பட்ட தூரமும் ஓடும்போது, ஒரு வீரருக்கு இரண்டு வழிகாட்டிகள் அனுமதிக்கப்படுகின்றனர். வேகம் தளரும் வழிகாட்டிக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, வேலைநேரம் வேறுபடும் இருவர் ஒரு வீரரின் பயிற்சியைத் தம்முள் பகிர்ந்துகொள்வதற்கும் முன்மாதிரியாகலாம். ஒருவர் தொழிற்சாலை இரவுமுறை முடிந்து காலையில் ஓட, மற்றவர் மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்தபின் ஓட முடியும். ஆனால் இருவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும்: ஒருவர் கான் என்பதை மற்றவர் பள்ளம் என்றால், வீரர் எட்டிக் கடப்பதா அடியைத் தாழ்த்துவதா என்று தயங்கும் அந்தக் கணத்திலேயே கணுக்கால் மடங்கிவிடும். ஆதலால் முதல் ஓட்டத்துக்கு முன்பே மூவரும் அந்தப் பாதையை மெதுவாக நடந்து, ஒவ்வொரு தடைக்கும் ஒரு பெயரைத் தீர்மானித்துக்கொள்வது அவசியமாகிறது. எந்தப் பெயர் என்பதைத் தேர்வது வீரரின் உரிமை.